துண்டு போட்டு இடம் பிடிக்கும் மூலக்கூறுகள்

கடலூர் முதுநகரில் ஒரு ஹார்டுவேர் கடை. ஜன்னல் கிரில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூச ஏதாவது வாங்கலாம் என்று நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் கடைக்காரர் ஒரு நீல டப்பாவை நீட்டினார். "இதை எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா, ஆர்கானிக். கெமிக்கல் எதுவும் கிடையாது. குழந்தை கைப்பட்டாலும் ஒன்றும் ஆகாது." பெரியவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் கடுகளவு எழுத்தில், கையுறை அணியவும், கண்ணில் பட்டால் மருத்துவரை அணுகவும் என்று அச்சாகியிருந்தது. "வேப்பெண்ணெய் மாதிரியா?" என்று கேட்டார். "அதே மாதிரிதான்" என்றார் கடைக்காரர்.

அவர் பொய் சொல்லவில்லை. நம்பியதைத்தான் சொன்னார். சந்தையில் ஆர்கானிக் தக்காளி, ஆர்கானிக் வெல்லம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு, டப்பாவில் இருக்கும் அதே சொல்லும் அதே பொருளைத்தான் தரும். வேதியியலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. அதில் தொடங்கினால்தான் டப்பாவுக்குள் இருக்கும் துருத் தடுப்பான் என்ன வேலை செய்கிறது என்பதும் புரியும்.

கரிமம் என்றால் கரி

வேதியியலில் ஆர்கானிக் என்பதைத் தமிழில் கரிம என்பார்கள். கரிமம் என்றால் கார்பன். கார்பன் அணுக்களை எலும்புக்கூடாகக் கொண்டு கட்டப்பட்ட பொருள்களைக் கரிமச் சேர்மங்கள் என்கிறோம். சர்க்கரை, நல்லெண்ணெய், புளியின் புளிப்பு, மஞ்சளின் நிறம் எல்லாம் கரிமச் சேர்மங்கள். பெட்ரோல், பிளாஸ்டிக் குடம், அந்துருண்டை, பூச்சிக்கொல்லிகளில் பெரும்பாலானவை, இவையும் கரிமச் சேர்மங்களே. செடியில் விளைந்ததா ஆலையில் செய்ததா என்பது இந்தப் பெயருக்குள் இல்லை. நஞ்சா உணவா என்பதும் இல்லை.

ஒரே ஒரு உதாரணம் போதும். கார் ரேடியேட்டரில் ஊற்றும் சில குளிர்விப்பு நீர்மங்களில் துருவைத் தடுக்கச் செபாசிக் அமிலம் என்ற கரிமச் சேர்மத்தைச் சேர்க்கிறார்கள். அது ஆமணக்கு எண்ணெயிலிருந்து எடுக்கப்படுவது, பாட்டி வைத்தியத்தில் வயிறு சுத்தம் செய்யக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான் மூலம். அதே நீர்மத்தில் பெரும்பங்கு எதிலீன் கிளைகால். அதுவும் கரிமச் சேர்மம். நாக்கில் இனிக்கும், குடித்தால் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே எடுக்கும்.

சுருக்கம்: டப்பாவில் ஆர்கானிக் என்று இருந்தால் உள்ளே கார்பன் சேர்மம் இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்பானதா என்பதைப் பின்பக்கத்துக் கடுகெழுத்துதான் சொல்லும்.

துரு எங்கே தொடங்குகிறது

இனி இரும்புக்கு வருவோம். உலோகம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடும் நீரோடும் வினைபுரிந்து சிறிது சிறிதாக வேறு பொருளாக மாறுவதற்கு அரிமானம் என்று பெயர். இரும்பில் நடந்தால் துரு, செம்பிலும் பித்தளையிலும் நடந்தால் களிம்பு.

இரும்பு ஏன் இப்படி மாறத் துடிக்கிறது? அது இரும்பாக இருப்பதே பலவந்தத்தால்தான். சேலம் கஞ்சமலையில் கிடக்கும் இரும்புத் தாதுவும் உங்கள் வீட்டுக் கேட்டில் படர்ந்த துருவும் நெருங்கிய சொந்தம். இரண்டுமே இரும்பும் ஆக்சிஜனும் கூடியவை. உலையில் பெரும் வெப்பத்தைச் செலவிட்டு ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தோம். ஈரம் கிடைத்த முதல் நாளிலேயே இரும்பு பழைய வீட்டுக்குத் திரும்பப் பார்க்கிறது. சைவ சித்தாந்தத்தில் உயிரோடு ஆணவம் ஒட்டியிருப்பதற்குச் செம்பில் களிம்பை உவமை சொல்வார்கள். களிம்பு எங்கிருந்தோ வந்து ஒட்டியதல்ல, செம்போடு பிறந்தது என்பது வாதம். வேதியியல்காரர்கள் களிம்புக்குக் காற்றும் நீரும் வேண்டும் என்று திருத்துவார்கள். ஆனால் அந்த நாட்டம் உலோகத்தோடு பிறந்தது என்பதில் அவர்களுக்கும் மறுப்பு இருக்காது.

இப்போது ஒரு சின்னச் சோதனை. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்புத் தண்ணீர் விட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். துளி காய்ந்துவிடாமல் இருக்க ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துக்கொள்ளலாம். காற்று அதிகம் படுவது துளியின் விளிம்பில், ஆகவே விளிம்பில்தான் இரும்பு அரிக்கப்படும் என்று நினைப்போம். நடப்பது தலைகீழ். விளிம்பு பளபளப்பாகவே இருக்கும். நடுப்பகுதியில் இரும்பு கரையும். இரண்டுக்கும் இடையில் பழுப்பு வளையமாகத் துரு படியும். கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற அறிஞர் 1920களில் இதை வைத்துத்தான் அரிமானம் ஒரு மின்வேதி நிகழ்வு என்று விளக்கினார்.

என்ன நடக்கிறது என்றால், துளியின் நடுவில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீருக்குள் இறங்குகின்றன. எலக்ட்ரான்கள் உலோகத்துக்குள்ளேயே ஓடி விளிம்புக்குப் போகின்றன. அங்கே ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. கொடுக்கும் இடம் நேர்மின்வாய், வாங்கும் இடம் எதிர்மின்வாய். கொடுத்தவர் ஓரிடத்தில் தேய்கிறார், வாங்கியவர் வேறிடத்தில் பளபளப்பாக இருக்கிறார். குடும்பங்களிலும் பார்ப்பதுதான்.

இந்த வட்டம் முழுமையாக உலோகத்துக்குள் எலக்ட்ரான் ஓட ஒரு வழி வேண்டும், நீருக்குள் அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்கள், நகர இன்னொரு வழி வேண்டும். வெறும் மழைநீரில் இரண்டாவது வழி சந்து மாதிரி. உப்புக் கரைந்தால் நாலுவழிச் சாலை.

உப்புக்காற்று இரும்பைத் தின்பதில்லை

எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வது, உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று. தின்பது ஆக்சிஜனும் நீரும்தான். உப்பு செய்யும் காரியங்கள் வேறு. சாலை அகலப்படுத்துவது ஒன்று. உப்பிலுள்ள குளோரைடு அயனி, உலோகத்தின் மேல் தானாக உருவாகியிருக்கும் மெல்லிய ஆக்சைடு தோலைத் துளைப்பது இன்னொன்று. கடலோரத்தில் எவர்சில்வர் கைப்பிடிகளில்கூடப் புள்ளி புள்ளியாகத் துரு தெரிவது அதனால்தான்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. உப்பு ஈரத்தைக் கூப்பிடும். சமையலறை உப்பு ஜாடி நீர்த்துப்போவதைப் பார்க்காதவர் யார்? காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தூய உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே ஈரமாகிவிடும். தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் ஒரு சொட்டு மழை பெய்யாத மாசி மாதத்தில் கிரில் துருப்பிடிக்கிறது என்றால், மேலே படிந்த உப்புத் தூசு ராத்திரி முழுக்கத் தனக்குத் தானே தண்ணீர் ஊற்றிக்கொள்கிறது என்று பொருள். பெயின்ட் அடிப்பதற்கு முன் கிரிலை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்வது இதனால்தான். உப்பின் மேல் அடித்த பெயின்ட் கொப்புளமாக எழும்பிவிடும்.

பாம்பன் பழைய ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. துருவோடு நூறாண்டுக்கு மேல் மல்லுக்கட்டி, 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதுப் பாலம் வந்தது. பாக் நீரிணைக் காற்றுக்கும் எங்கள் வங்கக் கடல் காற்றுக்கும் குணம் ஒன்றுதான்.

சுருக்கம்: துருவுக்குக் கொடுக்கும் இடம், வாங்கும் இடம், உலோகத்துக்குள் ஒரு வழி, நீருக்குள் ஒரு வழி என்று நான்கு வேண்டும். ஒன்றை அடைத்தாலும் வேகம் குறையும். உப்பு நீருக்குள் இருக்கும் வழியை அகலமாக்குகிறது, கொடுக்கும் இடத்தையும் திறந்துவிடுகிறது.

தோசைக்கல், அரிவாள்மனை, புளி

கரிமச் சேர்மங்கள் உலோகத்தைக் காப்பது ஆய்வகத்தில் பிறந்த புதுமை இல்லை. புதுத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்குகிறோம் அல்லவா, அந்தச் சூட்டில் எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக் கெட்டியான கருந்தோலாகின்றன. ஈரம் கல்லை எட்டாது. சோப்புப் போட்டுக் கம்பியால் தேய்த்துக் கழுவிவைத்த மருமகளுக்குக் கிடைக்கும் ஏச்சு, வேதியியல்படி ஓரளவு நியாயமானது. ஆனால் இது பூச்சு. பெயின்ட் போலக் கண்ணுக்குத் தெரியும் கனமான போர்வை. நாம் பேச வந்த கரிமத் தடுப்பான், அதாவது துருவைத் தடுக்கும் கரிமச் சேர்மம், போடும் படலம் இதைவிட மிக மெல்லியது.

அரிவாள்மனையில் வாழைப்பூ நறுக்கியவர்கள் அலகு கறுத்துப்போவதைப் பார்த்திருப்பார்கள். வாழைப்பூவின் துவர்ப்புக்குக் காரணமான டானின் என்ற கரிமச் சேர்மம் இரும்போடு சேர்ந்து கருநீலப் பொருளாகிறது. கடுக்காயில் டானின் இன்னும் அதிகம். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துக் கறுப்பு மை செய்தார்கள். இன்று கடையில் துருவின் மேலேயே அடிக்கலாம் என்று விற்கும் திரவங்கள் பலவற்றில் டானிக் அமிலம்தான் சரக்கு. உதிரும் துருவை அது உதிராத கறுப்புப் படலமாக மாற்றுகிறது.

எங்கள் மாடி ஜன்னல் தாழ்ப்பாளில் இதை நானே செய்து பார்த்தேன். கடுக்காய்த் தோலை இடித்து ஒரு ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தடவினேன். தடவும்போது வெறும் மஞ்சள் தண்ணீர்தான். துரு உள்ள இடங்களில் மட்டும் கொஞ்ச நேரத்தில் ஊதா நிழல் ஓடியது, மாலைக்குள் முழுக்கக் கறுத்துவிட்டது. துருவில்லாத பித்தளைத் திருகு அப்படியே மஞ்சளாக இருந்தது. தாழ்ப்பாளின் பாதிக்கு மேல் வார்னிஷ் அடித்தேன். பாதியை வேண்டுமென்றே விட்டுவைத்தேன்.

எல்லாக் கரிமச் சேர்மமும் காப்பாளர் ஆகிவிடாது. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பொன்னாக மின்னும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைத்து அகற்றுகிறது. அதோடு அதன் வேலை முடிந்தது, காவலுக்கு யாரையும் நிறுத்திவிட்டுப் போவதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் விளக்கு மறுபடி மங்குகிறது.

துண்டு போடுவது எப்படி

இனி உண்மையான இயக்கம். விசேஷ நாளில் கடலூர் பேருந்து நிலையத்தில் புதுச்சேரி பஸ் வந்து நிற்கும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டுகள் விழும். துண்டு விழுந்த இடத்தில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்பது எழுதாத சட்டம். துண்டு பஸ்ஸை மூடிவிடவில்லை, பஸ்ஸின் கதவைச் சாத்தவுமில்லை. இருக்கையைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

உலோகத்தின் மேற்பரப்பில் உள்ள அணுக்கள்தாம் இருக்கைகள். நீரும் ஆக்சிஜனும் குளோரைடும் பயணிகள். சில கரிம மூலக்கூறுகள் அவர்களுக்கு முன்பே அந்த இருக்கைகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஏற்கெனவே உட்கார்ந்திருந்த நீர் மூலக்கூறுகளை எழுப்பிவிட்டும் உட்காருகின்றன. ஒரு பொருள் இன்னொன்றின் உள்ளே புகாமல் அதன் பரப்பில் மட்டும் ஒட்டுவதைப் பரப்புக் கவர்ச்சி என்பார்கள். பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதிலிருந்து இது வேறு. இப்படி ஒட்டி, சிறிதளவு சேர்த்தாலே அரிமானத்தின் வேகத்தைப் பெரிதும் குறைக்கும் பொருளுக்கு அரிமானத் தடுப்பான் என்று பெயர்.

எந்த மூலக்கூறு துண்டு போடத் தகுதியானது? பொதுவாக அதற்கு ஒரு தலையும் ஒரு வாலும் இருக்கும். தலையில் நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் போன்ற அணு ஒன்றாவது இருக்கும். இந்த அணுக்களிடம் யாரோடும் பகிர்ந்துகொள்ளாத எலக்ட்ரான் இணை கையிருப்பில் உண்டு. உலோக அணுவிடம் அதற்கு இடம் உண்டு. அந்தக் கையிருப்பைக் கொடுத்து மூலக்கூறு உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது. வால் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த சங்கிலி. எண்ணெய்க் குணம் கொண்டது, தண்ணீரோடு ஒட்டாது. தலைகள் உலோகத்தைப் பிடித்துக்கொள்ள, வால்கள் வெளிப்பக்கமாக நெருங்கி நின்று நீரைத் தள்ளி நிறுத்துகின்றன. வயலில் நாற்று நட்டதுபோல. இந்தப் படலத்தின் கனம் சில நானோமீட்டர் அளவில்தான், நம் தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு.

பிடியிலும் இரண்டு வகை. மின்னேற்றக் கவர்ச்சியால் மட்டும் லேசாக ஒட்டியிருப்பது ஒன்று. துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்காரும் முரட்டுப் பயணி வந்தால் அது போச்சு. சூடு ஏறினால் இந்தப் பிடி கழன்றுவிடும். எலக்ட்ரானைப் பகிர்ந்து வேதிப் பிணைப்பே ஏற்படுத்திக்கொள்வது மற்றது. அது துண்டு அல்ல, ஆளே ஏறி உட்கார்ந்து மடியில் குழந்தையையும் வைத்துக்கொண்டது மாதிரி.

அளவு குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் பஸ்ஸே சொல்லும். நாற்பது இருக்கையில் முப்பத்தெட்டில் துண்டு விழுந்திருந்தால், கூட்டம் முழுவதும் மிச்சம் இரண்டுக்கு முட்டும். கொடுக்கும் இடத்தை மட்டும் அடைக்கும் வகைத் தடுப்பான்களைப் போதாமல் போட்டால் இதே கதை. திறந்து கிடக்கும் ஓரிரு புள்ளிகளில் அரிப்பு முழுவதும் குவிந்து குழி விழும். பரவலாகத் தேய்வதைவிடக் குழி விழுவது ஆபத்து, குழாயில் ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியவரும். கரிமத் தடுப்பான்களில் பல இரண்டு இடங்களையும் அடைப்பவை என்பதால் இந்த அபாயம் அவற்றில் குறைவு. ஆனாலும் டப்பாவில் சொன்ன அளவைவிடக் குறைத்து ஊற்றிச் சிக்கனம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

சுருக்கம்: தடுப்பான் போர்வை அல்ல. உலோகப் பரப்பில் முன்கூட்டியே இடம் பிடிக்கும் மூலக்கூறு. தலை பிடிக்கிறது, வால் தள்ளுகிறது.

ஏற்கெனவே நம் நடுவில் இருப்பவை

துறைமுகத்துக்குப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் படகு எஞ்சினுக்குப் புது பேரிங் பிரிப்பதைப் பார்த்தேன். மெழுகு தடவினாற்போன்ற பழுப்புத் தாளில் சுற்றியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் உள்ளே கண்ணாடிபோல இரும்பு. மெக்கானிக் தாளை நாலாக மடித்துப் பழைய பேரிங்கைச் சுற்றி வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, இந்தத் தாளுக்கு ஒரு மருந்து இருக்கிறது தம்பி, இதில் சுற்றினால் துரு வராது என்றார். அவர் சொன்னது சரி. அந்தத் தாளில் அமீன் என்ற நைட்ரஜன் வகைச் சேர்மங்கள் ஏற்றப்பட்டிருக்கும். பெட்டியில் போட்ட அந்துருண்டைபோல அவை மெல்ல ஆவியாகிப் போய் இரும்பின் மேல் படிகின்றன. எண்ணெய் எட்டாத இடுக்குக்கும் ஆவி எட்டும். ஆனால் பொட்டலத்தை மூடி வைக்க வேண்டும். திறந்து கிடந்தால் மருந்து காற்றோடு போய்விடும். மடித்த தாளுக்கு ஆயுள் எவ்வளவு மிச்சம் என்பது அதன் பழைய கதையைப் பொறுத்தது.

செம்புக்கும் வெண்கலத்துக்கும் பேர்பெற்ற காவலாளி பென்சோடிரையசோல். மூன்று நைட்ரஜன் அணுக்கள் வரிசையாக நிற்கும் சிறு மூலக்கூறு. செம்போடு சேர்ந்து மெல்லிய வலைபோன்ற படலமாகிறது. மண்ணுக்குள் கிடந்த வெண்கலச் சிலைகளில் குளோரைடு தங்கிவிட்டால், வெளியே எடுத்து ஈரக்காற்றுப் பட்டதும் வெளிர்பச்சைத் தூளாக உதிரத் தொடங்கும். வெண்கல நோய் என்றே அதற்குப் பெயர். அருங்காட்சியகங்களில் இத்தகைய பொருள்களை ஆல்கஹாலில் கரைத்த 3 சதவீத பென்சோடிரையசோலில் ஊறவைப்பது 1960களின் பிற்பகுதியிலிருந்து வழக்கம். வழிபாட்டில் உள்ள சிலைக்கு இது பொருந்தாது. தினம் பாலும் தேனும் இளநீரும் அபிஷேகமாகும் இடத்தில் எந்தப் படலம் தாங்கும்?

எஃகு ஆலைகளில் இன்னொரு வேடிக்கை. உருட்டிய எஃகின் மேலுள்ள கருந்தோலை நீக்க அதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்குவார்கள். அமிலம் தோலை மட்டும் தின்ன வேண்டும், எஃகைத் தொடக்கூடாது. ஹெக்சமீன் போன்ற கரிமத் தடுப்பானைக் கலந்தால் பெரும்பாலும் அப்படியே நடக்கும். கட்டிப் போட்ட நாய் மாதிரி.

கரிமத் தடுப்பான்கள் பரவுவதற்கு முன்பு பல இடங்களில் குரோமேட் உப்புகளே பயன்பட்டன. வேலையில் கெட்டி, ஆனால் அவற்றிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. கரிமத் தடுப்பான்களின் பக்கம் உலகம் திரும்பியதற்கு இது முக்கியக் காரணம். அதற்காக இவை பரிசுத்தம் என்றும் இல்லை. பென்சோடிரையசோல் எளிதில் சிதையாது, கழிவுநீர்ச் சுத்திகரிப்பைத் தாண்டி ஆறுகளுக்குள் வந்து சேர்கிறது.

92 சதவீதம் என்றால்

தடுப்பானின் திறனை அளப்பது எளிது. ஒரே அளவுள்ள இரண்டு இரும்புத் துண்டுகளை எடை போட்டு, ஒன்றைத் தடுப்பான் இல்லாத திரவத்திலும் மற்றதைத் தடுப்பான் கலந்ததிலும் போட வேண்டும். எடுத்துத் துருவைத் துடைத்து மறுபடி எடை பார்க்க வேண்டும். முதலாவது 100 மில்லிகிராம் இழந்து, இரண்டாவது 8 மட்டும் இழந்திருந்தால் திறன் 92 சதவீதம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. திரவம் எது, எத்தனை மணி நேரம், என்ன சூடு என்று சொல்லாமல் 92 என்று மட்டும் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை.

வேப்பிலைச் சாறு, மருதாணி, பூண்டு, ஆரஞ்சுத் தோல் என்று தாவரச் சாறுகளைத் தடுப்பானாகச் சோதித்த ஆய்வுகள் ஏராளம். அவை பொய்யல்ல; அந்தச் சாறுகளில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் தாங்கிய மூலக்கூறுகள் நிறையவே உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அமிலத்தில், சில மணி நேரமோ சில நாளோ நடந்த சோதனைகள். உப்புக்காற்றில் பத்து வருடம் நிற்கும் கேட்டுக்கு அதை அப்படியே எடுத்துவந்து, வேப்பிலை அரைத்துப் பூசுங்கள், துரு 90 சதவீதம் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். முதல் மழையில் சாறு கழுவிக்கொண்டு போய்விடும். உண்மையான சோதனை வேண்டுமென்றால் காற்றிலேயே தொங்கவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்துக் கடற்கரையில் உலோகத் தகடுகளை அப்படித்தான் வெயிலிலும் உப்பிலும் நிறுத்திவைத்துப் பார்க்கிறது. பொறுமை தேவைப்படும் வேலை, தலைப்புச் செய்தி ஆகாது.

சரி, கிரிலுக்கு என்ன செய்வது

தடுப்பான் தனியாக நின்று ஜெயிக்கும் இடங்கள், மூடிய இடங்கள். ரேடியேட்டர், கொதிகலன், எண்ணெய்க் குழாய், பொட்டலம். அங்கே அதே திரவம் சுற்றிச் சுற்றி வருகிறது, கழன்று விழுந்த மூலக்கூறுக்குப் பதில் இன்னொன்று வந்து உட்காரும். திறந்த வெளியில் நிற்கும் கிரிலுக்குப் பதில் ஆள் அனுப்ப யாரும் இல்லை. அதனால் அங்கே தடுப்பானைப் பெயின்டுக்குள்ளோ, பெயின்டுக்கு அடியில் அடிக்கும் பிரைமருக்குள்ளோ வைத்து அனுப்புகிறார்கள். பெயின்ட் போர்வை, உள்ளே தடுப்பான் காவல். பெயின்ட் கீறினாலும் கீறலுக்குள் நகர்ந்து வந்து இடம் பிடிக்க முடியும்.

கான்கிரீட்டுக்கும் இப்படித் தடுப்பான்கள் விற்கிறார்கள், மேலே தடவினால் உள்ளே ஊறிப்போய்க் கம்பியைக் காக்கும் என்று. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைப்பது. அதனால்தான் கடலோர வீடுகளில் கூரை வெடித்துக் கம்பி பல்லிளிக்கிறது. அந்த நிலைக்கு வந்த கூரையில் மருந்து தடவுவதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. குளோரைடு ஏற்கெனவே கம்பியடியில் குடியேறிவிட்டது. உடைத்து, சுரண்டி, மறுபடி பூசுவதுதான் வழி.

கடையில் நின்ற பெரியவரிடம் இதில் கொஞ்சத்தைச் சொன்னேன். கையுறை எவ்வளவு என்று கடைக்காரரிடம் விலை கேட்டு, ஒரு ஜோடி வாங்கிக்கொண்டார். நான் பிரைமர் வாங்கினேன்.

கடுக்காய் தடவிய தாழ்ப்பாளுக்கு இந்த மாதத்தோடு ஆறு மாதம். வார்னிஷ் அடித்த பாதி இன்னும் கறுப்பு. அடிக்காத பாதியில் திருகுத் துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம் ஒன்று வந்திருக்கிறது, எவன்ஸின் உப்புத் துளியில் பார்த்ததே. ஞாயிற்றுக்கிழமை அதைச் சுரண்டிக் கழுவ வேண்டும். கடுக்காய்த் தூள் அரை டப்பா மிச்சம் இருக்கிறது.